கேஸ்பேஸைத் தூண்டும் பொடி

இது கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமை இருந்தா கடைசி வரை படிங்க. வீட்டில் யாருக்காவது புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் கட்டாயம் படிங்க.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை ஓபி. திங்கள் ஓபி எப்படி இருக்கும்னு அரசு மருத்துவமனைக்கு வந்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வரிசை வராண்டாவைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரை நிக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு அக்கா, வயது 46, கூட அவங்க பையன். இரண்டு வாரம் முன்னாடிதான் இடது மார்பில் கட்டின்னு வந்திருந்தாங்க. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, பயாப்சி எடுத்து, புற்றுநோய்னு உறுதியாகி, இரண்டாம் நிலைன்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. ஆபரேஷன், கீமோ எல்லாம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யலாம். அதுக்கான பேப்பர் வேலைக்குத்தான் வந்திருப்பாங்கன்னு நினைச்சேன்.

பையன் இன்ஜினியரிங் முடிச்சவர். பையில் இருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். முள்சீத்தா இலையும் இன்னும் நாலைந்து மூலிகையும் சேர்த்த பொடி. கூடவே வழவழப்பான பேப்பரில் அச்சடித்த ஒரு நோட்டீஸ். அதில் பெரிய எழுத்தில் இருந்தது: “கேஸ்பேஸ்-3 என்சைமைத் தூண்டி, புற்றுநோய் செல்களை மட்டும் தற்கொலை செய்ய வைக்கிறது. பக்கவிளைவு இல்லை. ஆய்வகத்தில் நிரூபணம்.” கீழே ஒரு கிராஃப் படம்.

“சார், இது நாட்டு மருந்துன்னு சும்மா சொல்லல. கேஸ்பேஸ்னு நெட்ல தேடிப் பாத்தேன். நிஜமாவே இருக்கு. இது சயின்ஸ்தானே சார்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இதெல்லாம் ஃப்ராடு தம்பி. இதை நம்பி அம்மாவைக் கெடுத்துடாதீங்க. அடுத்து யாருப்பா?”

அவ்வளவுதான். மொத்தம் ஒரு நிமிஷம் பேசியிருப்பேன்.

அவங்க மருத்துவக் கல்லூரிக்குப் போகவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் அந்த அக்காவை மறுபடி பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்றேன்.

அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. அவர் ஏமாளி இல்லை. கேஸ்பேஸ்னு ஒன்று உண்மையில் இருக்கு. அது செல்களைச் சாகடிக்கும் என்பதும் உண்மை. கீமோ மருந்துகளில் பல கடைசியில் வேலை செய்வதும் அதன் வழியாகத்தான். இவ்வளவு உண்மை அந்த நோட்டீஸில் இருந்தது. நான் ‘ஃப்ராடு’ன்னு ஒரே வார்த்தையில் சொன்னதும், அவருக்கு நான் விஷயம் தெரியாத டாக்டராகத் தெரிந்திருப்பேன். உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம் பேத்தாலஜி தேர்வுக்கு நெட்டுரு போட்டதோடு கேஸ்பேஸை மறந்திருந்தேன். அன்று ராத்திரி டூட்டி முடிந்து வந்து பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதுக்கப்புறம் நிறைய படித்தேன். நான் புற்றுநோய் நிபுணர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிடுறேன். ஆனா அன்று அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

செல் இரண்டு விதமாகச் சாகும். (இன்னும் சில விதங்கள் இருக்கு, இங்கே வேண்டாம்.)

ஒன்று, அடிபட்டுச் சாவது. ரத்த ஓட்டம் நின்றாலோ, தீ சுட்டாலோ, விஷம் பட்டாலோ செல் வீங்கி வெடிக்கும். உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டும். அக்கம்பக்கம் எல்லாம் அழற்சி. ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு ட்ரோபோனின் டெஸ்ட் எடுக்கிறோமே, அது என்னன்னு நினைக்கிறீங்க? இதயத் தசை செல் உடைந்து அதன் சரக்கு ரத்தத்தில் கலந்திருக்கான்னு பார்க்கிறதுதான். இந்தச் சாவுக்கு நெக்ரோசிஸ்னு பேர்.

இன்னொன்று, முறைப்படி சாவது. செல் சுருங்கும். உள்ளே இருக்கிற டி.என்.ஏ. அளவாகத் துண்டு துண்டாகும். செல்லின் மேலுறையில் உள்பக்கம் இருக்கவேண்டிய ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் வந்து நிற்கும். பக்கத்தில் இருக்கிற துப்புரவு செல்களுக்கு அது ‘என்னைச் சாப்பிடு’ன்னு சைகை. செல் சின்னச் சின்ன பொட்டலங்களாகப் பிரியும், அவை வந்து விழுங்கிவிடும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. வீக்கம் இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இதைப் படிக்கிற இந்த நிமிஷமும் உங்க உடம்பில் இது கோடிக்கணக்கில் நடந்துகொண்டிருக்கு. உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாது. அதுதான் இதன் அழகு.

1972இல் கெர், வில்லி, கரீ என்ற மூன்று நோய்க்குறியியல் நிபுணர்கள் இதுக்கு அப்போப்டோசிஸ்னு பேர் வைத்தார்கள். கிரேக்கச் சொல். மரத்திலிருந்து இலையும் பூவும் உதிர்வதைக் குறிப்பது. ‘செல் தற்கொலை’ன்னு பிற்பாடு பத்திரிகைகளில் பிரபலமான பேரைவிட எனக்கு இந்தப் பேர்தான் பிடிக்கும். தற்கொலைன்னு சொல்லும்போதே ஏதோ அந்த செல்லுக்கு மனசு இருக்கிற மாதிரியும், அதைப் பேசிச் சம்மதிக்க வைத்தால் போதும்ங்கிற மாதிரியும் ஒரு கற்பனை வந்துடுது. நோட்டீஸ் அடிக்கிறவங்களுக்கு அது ரொம்ப வசதி. உதிர்தல்னு சொல்லிப் பாருங்க. சரியா இருக்கும்.

இந்த உதிர்தல் இல்லைன்னா நாம இந்த உருவத்திலேயே இருக்க மாட்டோம். கருவில் கை முதலில் துடுப்பு மாதிரிதான் வரும். விரல்களுக்கு நடுவில் இருக்கிற செல்கள் உதிர்ந்துதான் விரல் தனித்தனியாகப் பிரியுது. சில குழந்தைகளுக்கு விரல்கள் ஒட்டியே பிறப்பதைப் பார்த்திருப்பீங்க, அந்தப் பிரிதல் முழுமையாக நடக்காததால் வருவது அது. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்கே போகுது? யாரும் வெட்டலையே. அதுவும் இதே கதைதான்.

சரி, யார் இந்த வேலையைச் செய்யறது? கேஸ்பேஸ்.

இதைக் கண்டுபிடித்த கதை ஒரு புழுவில் இருக்கு. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ்னு பேர், ஒரு மில்லிமீட்டர் நீளம், மண்ணில் வாழ்வது. உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லாகப் பார்க்கலாம். ஜான் சல்ஸ்டனும் கூட இருந்தவர்களும் அப்படியே உட்கார்ந்து எண்ணினார்கள். முட்டையிலிருந்து முழுப் புழு ஆகும் வரை மொத்தம் 1090 உடல் செல்கள் உண்டாகின்றன. அதில் 131 செத்துப்போகின்றன. மிச்சம் 959. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. எந்த செல், எந்த நேரத்தில் என்பது வரை முன்கூட்டியே எழுதி வைத்தது மாதிரி.

அமெரிக்காவில் ராபர்ட் ஹார்விட்ஸ் ஆய்வகத்தில் அந்த 131ம் சாகாமல் அப்படியே உயிரோடு இருந்த புழுக்கள் கிடைத்தன. அவற்றில் ஒரு ஜீன் பழுது. செட்-3ன்னு பேர் வைத்தார்கள். 1993இல் ஜுன்யிங் யுவானும் ஹார்விட்ஸும் அந்த ஜீனைப் படித்துப் பார்த்தால், மனித உடம்பில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு புரதத்தை வெட்டும் என்சைமின் சாயல் அதில் அப்படியே இருந்தது. புழுவிலும் நம்மிடமும் ஒரே கத்தி! அதன்பின் அந்தக் குடும்பத்து என்சைம்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன, 1996இல் எல்லாத்துக்கும் சேர்த்து கேஸ்பேஸ்னு பொதுப்பேர் வைத்து நம்பர் கொடுத்தார்கள். ப்ரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு.

கேஸ்பேஸ் ஒரு கத்தரிக்கோல்னு வைத்துக்கொள்ளுங்க. புரதங்களை ஒரு குறிப்பிட்ட இடத்தில், அஸ்பார்டிக் அமிலம் இருக்கிற இடத்தில் மட்டும், வெட்டும். எல்லா செல்லிலும் இது எப்பவும் தயாராக இருக்கு, ஆனா உறையில் போட்ட நிலையில். முதலில் 8, 9 ஆகிய நம்பர்கள் விழிக்கும். அவை போய் 3, 6, 7 நம்பர்களை உறையிலிருந்து எடுக்கும். இந்த இரண்டாவது கும்பல்தான் நிஜமான வெட்டு வேலையைச் செய்வது, அதில் தலைவன் 3.

8ஆம் நம்பர் வெளியிலிருந்து வரும் உத்தரவுக்கு விழிக்கும். 9ஆம் நம்பர் உள்ளேயிருந்து வரும் உத்தரவுக்கு. டி.என்.ஏ. சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டுப்போச்சுன்னு வைங்க. பி53ங்கிற காவல்காரப் புரதம் மணி அடிக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை விழும். அதிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியே வரும். இந்த சைட்டோகுரோம் சி யார் தெரியுமா? நாம மூச்சு விடும் ஆக்சிஜனை வைத்து செல்லுக்குச் சக்தி எடுக்கிற வேலையில் இருக்கிற ஆள். உயிரோடு வைத்திருந்த அதே ஆள் வெளியே வந்ததும் சாவுக்கு உத்தரவு. 1996இல் ஷியாவோடாங் வாங் குழு இதைச் சொன்னபோது நம்புவதற்கே பலர் தயங்கினார்கள். அந்த சைட்டோகுரோம் சி, ஏபாஃப்-1ங்கிற புரதத்தோடு சேர்ந்து ஏழு ஆரம் வைத்த சக்கரம் போல ஒன்றைக் கட்டும். அதன் மேல்தான் கேஸ்பேஸ்-9 விழிக்கிறது.

கேஸ்பேஸ்-3 விழித்த பிறகு திரும்பி வருவது அநேகமாக இல்லை. நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டும். ஒரு உதாரணம் மட்டும். டி.என்.ஏ.வை வெட்டும் ஒரு என்சைம் செல்லுக்குள் எப்பவும் இருக்கு, அதன் கழுத்தைப் பிடித்தபடி இன்னொரு புரதமும் இருக்கு. கேஸ்பேஸ்-3 அந்தப் பிடித்திருக்கும் கையை வெட்டிவிடும். மிச்சத்தை அந்த என்சைம் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு ஆபத்தான ஆயுதம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும்போது பூட்டும் இருக்கணும் இல்லையா? இருக்கு. பி.சி.எல்-2 என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரைக் காவல் காக்கும். புற்றுநோய் செல்கள் செய்யும் திருட்டுத்தனங்களில் முக்கியமானது, இந்தப் பூட்டை இரட்டிப்பாக்குவது, அல்லது மணி அடிக்கும் பி53ஐ ஊமையாக்குவது. கத்தரிக்கோல் உள்ளேதான் இருக்கும். எடுக்கத்தான் விடாது.

இதுவரைக்கும் நோட்டீஸ்காரரும் நானும் ஒரே பக்கம். இனிமேல்தான் சண்டை.

அந்த நோட்டீஸை நான் தூக்கிப்போடவில்லை. மேசை டிராயரிலேயே கிடந்தது. பிற்பாடு எடுத்து கிராஃபைப் பார்த்தேன். “எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் கேஸ்பேஸ்-3 செயல்பாடு பல மடங்கு உயர்வு”ன்னு போட்டிருந்தது.

எம்.சி.எஃப்-7 என்பது ஆய்வகங்களில் வளர்க்கப்படும் செல் வகை. 1970இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மார்பகப் புற்றுநோயால் இறந்த ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தது. அவர் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, அவருடைய செல்கள் இன்னும் உலகம் முழுக்க தட்டுகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் எங்கே பார்த்தாலும் இதுதான்.

இந்த செல்லில் ஒரு விசேஷம். இதில் கேஸ்பேஸ்-3 கிடையாது.

ஆமா. அந்த ஜீனில் 47 எழுத்துகள் விட்டுப்போயிருக்கு. அதனால் அந்தப் புரதமே உருவாவதில்லை. 1998லேயே ஆய்விதழில் வந்துவிட்ட விஷயம். இல்லாத என்சைமைத்தான் நோட்டீஸ் பல மடங்கு தூண்டியிருக்கு!

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லணும். கேஸ்பேஸ்-3 அளக்கிறதுன்னு விற்கப்படும் பல கிட்டுகளில், அது வெட்டுகிற ஒரு சின்ன புரதத் துண்டு இருக்கும். அந்தத் துண்டை கேஸ்பேஸ்-7ம் வெட்டும். எம்.சி.எஃப்-7 செல்லில் 7ஆம் நம்பர் இருக்கு. அது வெட்டியதை 3ன்னு எழுதியிருக்கலாம். ஆக எல்லாரும் வேண்டுமென்றே பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல வரவில்லை. ஆனா தான் அளப்பது என்னன்னு தெரியாமல் அளந்து, அதை நோட்டீஸ் அடித்து, ஒரு குடும்பத்தின் கையில் கொடுப்பதை என்னன்னு சொல்றது? கட்டியோடு உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

சரி, அளவு சரியாகவே இருந்ததுன்னு வைத்துக்கொள்வோம். அப்பவும் என்ன ஆச்சு? தட்டில் வளரும் செல் மேல் எதையாவது அதிக அளவில் ஊற்றினால் அது சாகும். சாகும் வழியில் கேஸ்பேஸ் விழிக்கும். அதிக உப்பு ஊற்றினாலும் விழிக்கும், அதிகச் சூட்டில் வைத்தாலும் விழிக்கும். ‘கேஸ்பேஸ்-3 தூண்டப்பட்டது’ என்றால் ‘செல் முறைப்படி செத்தது’ன்னு அர்த்தம், அவ்வளவே. அதே அளவில் நல்ல செல் சாகாமல் இருக்குமா, வாய் வழியாகச் சாப்பிட்டால் அந்த அளவு ரத்தத்தில் சேருமா, கட்டி வரைக்கும் போகுமா, போய் நோயாளியின் ஆயுள் கூடுமா? இதில் ஒன்றுக்கும் அந்த கிராஃபில் பதில் இல்லை.

மஞ்சளை எடுத்துக்கோங்க. குர்குமின் தட்டில் புற்றுநோய் செல்லைக் கொல்வது பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் இருக்கு. ஆனா கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம்தான். குடலும் கல்லீரலும் விடாது. ரசத்தில் மஞ்சள் போடுங்க, நானும் போடுறேன். கீமோவுக்குப் பதிலாகப் போடாதீங்க.

முள்சீத்தா இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதில் இருக்கிற அனோனாசின் என்ற பொருள் தட்டில் செல்லைக் கொல்வது உண்மை. எப்படிக் கொல்லுது? மைட்டோகாண்ட்ரியாவின் சக்தி எடுக்கும் வேலையை அடைத்து. அது புற்றுநோய் செல்லா, மூளை செல்லான்னு கேட்டுவிட்டு அடைப்பதில்லை. கரீபியன் கடலில் குவாதலூப்னு ஒரு தீவு. அங்கே வழக்கமான மருந்துக்குச் சரியாக மசியாத ஒரு வகை நடுக்குவாத நோய் அதிகமாக இருந்தது. முள்சீத்தா பழம், இலைக் கஷாயம் அதிகம் எடுத்துக்கொள்வதோடு அதுக்குத் தொடர்பு இருக்கலாம்னு 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு நடந்த விலங்கு ஆய்வுகளில் அனோனாசின் மூளை நரம்பு செல்களைச் சாகடிப்பதும் தெரிந்தது. எப்பவாவது ஒரு பழம் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. மாதக்கணக்கில் தினம் மூன்று வேளை இலைப் பொடி சாப்பிடுவதைப் பற்றிப் பேசுகிறேன். ‘பக்கவிளைவு இல்லை’ன்னு அடித்திருக்கிற அந்த வரிதான் எனக்கு அதிகக் கோபம் வரவழைத்த வரி.

ஏன்னா, செல்லை உண்மையிலேயே உதிர வைக்கும் மருந்து எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். வெனிடோகிளாக்ஸ்னு ஒரு மாத்திரை. மேலே பூட்டுன்னு சொன்னேனே, பி.சி.எல்-2, அதை நேராகப் பிடித்து விலக்குவது. பி.சி.எல்-2 ஜீன் கண்டுபிடிக்கப்பட்டது 1980களின் நடுவில், ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயில். மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016இல். முப்பது வருஷம். தட்டில் செத்ததோடு யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை.

சில ரத்தப் புற்றுநோய்களில் அது அருமையாக வேலை செய்கிறது. எவ்வளவு அருமைன்னா, ஆரம்பகட்ட சோதனைகளில் புற்றுநோய் செல்கள் ஒரே நேரத்தில் கூட்டமாகச் செத்து, அவற்றின் பொட்டாசியமும் மற்ற கழிவும் ரத்தத்தில் கலந்து, சில நோயாளிகள் அதனாலேயே இறந்தார்கள். அதனால் இப்போது நாள்பட்ட லிம்போசைட்டிக் வகை ரத்தப் புற்றுநோயில் 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரத்தில் படிப்படியாக 400க்கு ஏற்றுகிறார்கள். கூடவே தண்ணீர் நிறைய, யூரிக் அமில மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. செல்லைச் சாகடிக்கிறதுன்னா விலை இதுதான். ஒரு பொடி உண்மையிலேயே கட்டியைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும்னா, அதைக் கொடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது உங்க பொட்டாசியமும் கிரியாட்டினினும் எவ்வளவுன்னு. யாராவது கேட்டாங்களா?

“அப்போ மூலிகைன்னாலே உங்களுக்கு ஆகாதா டாக்டர்?”னு கமெண்டில் வரும், தெரியும். நம்ம வீட்டு வாசலில் பூக்கிற நித்யகல்யாணியைப் பாருங்க. 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு பேர் ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைக்கிற இலைன்னு அதை வாங்கி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அங்கிருந்து பிடித்து வின்பிளாஸ்டின் எடுத்தார்கள், அடுத்து அமெரிக்காவில் வின்கிறிஸ்டின். 1963இல் அனுமதி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இன்றைக்கும் அது இல்லாமல் சிகிச்சை இல்லை. நம்ம அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இலவசமாகப் போடுகிறோம். செல் இரண்டாகப் பிரியும்போது அதைப் பாதியில் நிறுத்தும், அப்படி மாட்டிக்கொண்ட செல்லில் கடைசியில் விழிப்பது அதே கேஸ்பேஸ்.

அந்த மருந்து கிராமில் ஒரு பங்கு எடுக்கவே கிலோ கணக்கில் காய்ந்த இலை வேணும். வயது வந்தவருக்கும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போகமாட்டார்கள். ரத்தக்குழாயில் மட்டும்தான் ஏற்றணும், தவறி முதுகுத்தண்டு நீரில் போட்டால் உயிர் போகும். வாசலில் இருக்கிற இலையைப் பறித்து அரைத்துக் குடிப்பதும் இதுவும் ஒன்றா? செடி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அளக்காமல் கொடுப்பதில்தான் கோபம்.

இன்னொரு விஷயம். கேஸ்பேஸை நல்லவன்னே முடிவு கட்டிடாதீங்க. 2011இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கதிர்வீச்சில் சாகிற புற்றுநோய் செல்லில் கேஸ்பேஸ்-3 செய்யும் வேலைகளில் ஒன்று, பக்கத்தில் தப்பித்து நிற்கும் புற்றுநோய் செல்களை வளரச் சொல்லி சமிக்ஞை அனுப்புவது. காயம் ஆறுவதுக்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கட்டியும் பயன்படுத்திக்கொள்கிறது. கட்டியில் விழித்த கேஸ்பேஸ்-3 அதிகமாக இருந்த சில நோயாளிகளுக்கு நோய் திரும்புவது அதிகமாகவே இருந்ததுன்னு அதே ஆய்வு சொன்னது. எதிர்ப்பக்கமும் இருக்கு. கல்லீரல் நோயில் செல் சாவதைத் தடுக்கலாம்னு எல்லா கேஸ்பேஸ்களையும் அடைக்கும் எம்ரிகாசன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் தழும்பு குறையவில்லை. ஒரு என்சைமைத் தூண்டினால் நல்லது, அடைத்தால் கெட்டதுன்னு உடம்பு அவ்வளவு சுலபமாக இல்லை.

இதையெல்லாம் ஓபியில் ஒரு நோயாளிக்கு ஒரு நிமிஷத்தில் சொல்ல முடியாதுதான். ஆனா இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். “தம்பி, கேஸ்பேஸ் நிஜம்தான். இந்தப் பொடி மனுஷங்களுக்குக் கொடுத்து, கட்டி சுருங்கி, ஆயுள் கூடினதுன்னு காட்டின பேப்பர் இருந்தா கொண்டு வாங்க, உட்கார்ந்து பார்ப்போம். அதுவரைக்கும் கீமோவை நிறுத்த வேண்டாம்.” இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எங்க டாக்டர்களிடம் எனக்கு இருக்கிற மனத்தாங்கலும் இதுதான். நாம கத்துகிறோம், இல்லைன்னா சிரிக்கிறோம். பொடி விற்கிறவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அரை மணி நேரம் விளக்கி, காபி கொடுக்கிறார். படித்த பையன் எங்கே போவார்?

வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒன்று. இப்படி நோட்டீஸ் கையில் வந்தால், ‘இது தட்டிலா, எலியிலா, மனுஷங்களிலா?’ன்னு முதலில் கேளுங்க. மனுஷங்கள்னு பதில் வந்தால், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டாங்க, எவ்வளவு நாள் பார்த்தாங்கன்னு கேளுங்க. ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உங்க டாக்டரிடம் மறைக்காதீங்க. திட்டுவாங்கன்னு பயந்து மறைக்கிறவங்கதான் அதிகம். திட்டினால் அது அவங்க தப்பு.

ஏழு மாதம் கழித்து அந்த அக்கா வந்தபோது, சேலைத் தலைப்பால் மார்பை இறுக்கிப் போர்த்தியிருந்தாங்க. வாசலில் நுழையும்போதே வாடை தெரிந்தது. கட்டி தோலை உடைத்து வெளியே வந்து புண்ணாகியிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. பையன் சுவரோடு சுவராக நின்றார். டப்பா கொண்டுவரவில்லை.

நானும் எதுவும் கேட்கவில்லை. “உட்காருங்க அக்கா”ன்னு சொல்லி, புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, மருத்துவக் கல்லூரி டாக்டரிடம் நானே போனில் பேசி, அன்றைக்கே 108இல் அனுப்பினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நல்லவேளை, நுரையீரல், கல்லீரல், எலும்புக்குப் போகவில்லை. மூன்றாம் நிலை. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன்னு முடிவு. முதல் தடவையே ஆபரேஷன் செய்திருக்க வேண்டிய கட்டி.

போன வாரம் நாலாவது கீமோ முடிந்து, ரத்த அணு எண்ணிக்கை பார்க்க எங்க மருத்துவமனைக்கே வந்திருந்தாங்க. புண் பாதிக்கு மேல் ஆறியிருக்கு. தலையில் முடி சுத்தமாக இல்லை, வாயெல்லாம் புண். பையன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், இந்த முடி கொட்டறதும் அந்த கேஸ்பேஸ் வேலைதானா?”

“ஆமா தம்பி. முடி வேரில் இருக்கிற செல்லும் வேகமாப் பிரியற செல். கீமோவுக்கு இது கட்டி, இது முடின்னு முழுசாப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. வாய்ப்புண்ணும் அதனாலதான். முடி திரும்ப வரும்.”

“எப்ப வரும்?”னு அந்த அக்கா கேட்டாங்க. பொங்கலுக்குள்ள லேசா வந்துடும்னு சொன்னேன். இன்னும் நாலு கீமோ பாக்கி இருக்கு, கொஞ்சம் தள்ளிப்போனாலும் போகலாம்.